ஸ்டான்ஃபோர்ட் கதையைச் சொல்வதற்கு முன்

அன்புள்ள வசந்தி,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ராஜி மறுபடியும் வேலையை விட்டுவிட்டாள், காரணம் உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடுதிக் காப்பாளர்களுக்கான பயிற்சியை ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையில்தான் தொடங்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நல்ல பையன்களிடம் சீருடையும் தடியும் கொடுத்தால் ஆறே நாளில் கொடூரமாகிவிடுவார்கள் என்று நாம் விழுந்து விழுந்து படித்த அதே கதை. அப்படியே சொல்லாதேடி.

1971 ஆகஸ்டில், ஒரு நாளுக்கு 15 டாலர் தருவதாக விளம்பரம் செய்து, வந்தவர்களில் 24 மாணவர்களை எடுத்தார் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜிம்பார்டோ. அங்கே அமைத்த போலிச் சிறையில் யார் காவலர், யார் கைதி என்பது குருட்டாம்போக்கில் முடிவானது. வேடமே ஆளை மாற்றிவிட்டது என்பது அவர் கட்சி. ஆனால் அவர் ஓரமாக நின்று பார்க்கவில்லை, சிறைக் கண்காணிப்பாளர் வேடத்தைத் தானே எடுத்துக்கொண்டார்! தொடங்கும் முன்பே காவலர்களைக் கூட்டி, கைதிகளுக்குச் சலிப்பும் பயமும் வரவேண்டும், தங்கள் வாழ்க்கை முழுக்க நம் கையில் என்று அவர்களுக்குத் தோன்றவேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஒதுங்கி நின்ற ஒரு காவலரை, இன்னும் கறாராக இரு என்று வார்டனாக இருந்த மாணவர் வற்புறுத்துவது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. திபோ லெ தெக்சியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பழைய ஆவணங்களைக் கிளறி 2018இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். காவலர்களில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுமைக்காரர்கள் என்பது ஜிம்பார்டோவே சொன்ன கணக்கு. மிச்சப் பேர் போட்டிருந்ததும் அதே காக்கிதானே?

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்கு. மாணவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், பல்கலைக்கழகக் குழுவின் அனுமதியும் இருந்தது. அப்படியிருந்தும், தாங்க முடியவில்லை என்று வந்த கைதியிடம், உள்ளே நடப்பதை எனக்குச் சொன்னால் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று ஜிம்பார்டோ பேரம் பேசியிருக்கிறார். சிறையை நடத்துகிறவரே ஆராய்ச்சியாளர் என்றால் அந்தப் பையன் யாரிடம் போய் முறையிடுவான்? தலையில் பையை மாட்டிச் சங்கிலியில் கோத்துக் கழிப்பறைக்கு நடத்திப்போவதைப் பார்த்த கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் கத்தித் தீர்த்த பிறகுதான், இரண்டு வாரத் திட்டம் ஆறாம் நாளே நின்றது. அதற்கு முன் வந்துபோனவர்கள் எத்தனையோ பேர், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

பிரிட்டனில் ஹாஸ்லம், ரெய்ச்சர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2001இல் பிபிசிக்காக இதைப்போல ஒன்று செய்தார்களே, அதையும் உன் வகுப்பில் சேர்த்துக்கொள். இப்படி நடந்துகொள் என்று காவலர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதிகாரம் செய்யவே அவர்களுக்குக் கூச்சம், கைதிகள்தான் ஒன்றுசேர்ந்து எழுந்தார்கள். வேண்டாம் என்றால் பாதியில் நிறுத்த, வெளியிலிருந்து ஒரு குழு கூடவே கவனித்துக்கொண்டிருந்தது.

உன் காப்பாளர்கள் பழைய கதையைக் கேட்டால், பதவி அப்படி, நாங்கள் என்ன செய்வோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். கறாராக இரு என்று உங்களுக்கு யார் சொன்னது, உங்களைப் பற்றி ஒரு பிள்ளை புகார் சொல்ல வேண்டுமென்றால் உங்களைத் தாண்டி யாரிடம் போகும், இதை அவர்களிடம் கேள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத விடுதி எது என்று குறித்து வைத்துக்கொண்டு எனக்கு எழுது.

சுபா