கோப்பை வாங்கும் பேண்டுகளுக்கும் இடம் தாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து முடிவுகளைத் தவறாமல் போடுகிறீர்கள். சரி, இடைவேளையில் அதே மைதானத்தில் இறங்கி, அணிவகுத்து நடந்தபடியே இசைக்கும் பேண்டு மாணவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதக் கூடாதா?

அவர்களுக்கென்றே சட்லர் கோப்பை இருக்கிறது. ஜான் பிலிப் சூசா அறக்கட்டளை தருவது. 1982இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் முதலில் பெற்றது. ஒரு நாள் போட்டியில் ஜெயித்து வாங்குகிற பரிசு அல்ல இது. பல வருட உழைப்பையும் மரபையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் ஒரே ஒரு முறைதான் பெற முடியும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விதி அதுதான், ஏனென்றால் பெரிய பெயர்களே திரும்பத் திரும்ப அள்ளிக்கொண்டு போக முடியாது.

என் மகளும் இப்படியொரு பேண்டில் டிராம்போன் என்ற ஊதுகருவி வாசிக்கிறாள். அவள் ஒத்திகையை ஒரு நாள் ஓரமாக நின்று பார்த்தேன். 5 கெஜத்தைச் சரியாக 8 காலடியில் கடக்க வேண்டும். அதாவது காலடிக்கு 22.5 அங்குலம். குனிந்து தரையைப் பார்க்கக் கூடாது, ஊதுவதையும் நிறுத்தக் கூடாது. ஒருவர் அரை அடி பிசகியதற்கு எல்லோரும் மறுபடி முதலிலிருந்து நடந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

1985இல் இதே கோப்பையைப் பெற்றது கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் 'மார்ச்சிங் 100'. வில்லியம் ஃபாஸ்டர் 1946 முதல் வளர்த்த குழு அது. 1989இல் பாரிஸ் வரை போய் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு அணிவகுப்பில் வாசித்தார்கள். அந்தக் கதையையாவது விளையாட்டுப் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள்.

– ஒரு வாசகி, மிச்சிகன்