ஆறு மாதத் தாதியர் பாடநெறிகள் குறித்து மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

அரச வைத்தியசாலைகளில் முப்பத்தொரு வருடங்கள் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்று, இப்போது கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வொரு தடவையும் அயலிலுள்ள தாய்மார் மகள்மாரைக் கூட்டிக்கொண்டு, கையில் ஆறு மாதத் தாதியர் பாடநெறி ஒன்றின் துண்டுப்பிரசுரத்தோடு வந்து, "மிஸ், இதைப் படிக்கவிடலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்கு என்னால் நேரான பதில் சொல்ல முடியாமல் இருப்பதற்கான காரணம் உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதாலேயே இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஹட்டன் பக்கத்துப் பிள்ளையொருத்தி வந்தாள். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற தகப்பனின் சேமலாப நிதியிலிருந்து 140,000 ரூபா கட்டி, கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு மாதப் பாடநெறியை முடித்திருந்தாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் அக்காவுக்குப் படுக்கைவிரிப்பு மாற்ற வேண்டியிருந்ததால் அவரை ஒருக்களித்துத் திருப்பும்படி அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவளோ வலுவிழந்த கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடக்கூடும். தோளுக்கும் இடுப்புக்கும் கைகொடுத்து உடலை ஒன்றாகத் திருப்ப வேண்டும் என்பது வார்ட்டில் முதல் வாரத்திலேயே கைக்குப் பழகிவிடும் விடயம். எலும்புகளின் பெயர்களை அவள் ஆங்கிலத்தில் தடங்கலின்றிச் சொன்னாள். ஆனால் வைத்தியசாலைக்குள் அவளைக் கூட்டிச்சென்றது இரண்டே நாட்கள், அதுவும் பார்வையிடுவதற்கு. மற்றதெல்லாம் பிளாஸ்டிக் பொம்மையில் பழகியது. பிள்ளையில் நான் ஒரு குறையும் காணவில்லை. அவளுக்குக் காட்டிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை.

இந்த நாட்டில் தாதியராவதற்கு, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து, மூன்று வருடம் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் பயிலவோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறவோ வேண்டும். அதன் பின்பே இலங்கை மருத்துவ சபையில் பதிவு கிடைக்கும். ஆறு மாதச் சான்றிதழ் அந்தப் பதிவுக்கு வழிவிடாது. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு வருடம் படித்து, உரிமப் பரீட்சையில் தேறியவர்கள் 'பிரக்டிக்கல் நேர்ஸ்' எனச் சட்டப்படி பணியாற்றுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரை மட்டும் இங்கே கொண்டுவந்து பிரசுரத்தில் அச்சிடும்போது, உரிமமும் கூடவே வந்துவிட்டதாகத்தான் ஒரு தாய் விளங்கிக்கொள்கிறார்.

இதனால் குறுகிய காலப் பயிற்சி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்க, வெள்ளவத்தை மாடிவீடுகளில் இரவுத் துணைக்கு ஆளின்றித் தவிக்கும் முதியோரை நான் அறிவேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும், குழாயில் வரும் சிறுநீரைச் சேகரிக்கும் பையை நோயாளியின் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே தொங்கவிடவும், சீனி இறங்கி வியர்த்துக் குழம்பும் நோயாளியை உடனே அடையாளம் காணவும் தெரிந்த ஒரு பராமரிப்பாளர் மதிப்புள்ளவர். அதை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கும் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டலாம் என்றே சொல்வேன்.

எந்தப் பாடநெறி அப்படிப்பட்டது என்று பெற்றோர் அறிவதற்குத்தான் வழியில்லை. பிரசுரங்களில் 'அரச பதிவு பெற்றது' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நிறுவனத்தைப் பதிவுசெய்வது வேறு, அங்கே நடக்கும் ஒரு பாடநெறிக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்க அங்கீகாரம் அளிப்பது வேறு என்பதை, இரண்டையும் செய்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு தகப்பனுக்கு அந்த வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை. 'ஜப்பான் வாய்ப்பு' என்றும் சேர்த்து அச்சிடுகிறார்கள். 2019 இல் தொடங்கிய விசேட திறன் விசாவில் முதியோர் பராமரிப்புக்குச் செல்ல விரும்புவோர் பொதுவாக ஜப்பானிய மொழிப் பரீட்சைகளிலும் பராமரிப்புத் திறன் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும் என்பதை அதே பக்கத்தில் அச்சிடுவதில்லை.

ஆகவே, தாதியர் என்ற சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு விளம்பரத்திலும், பணம் வாங்குவதற்கு முன் கொடுக்கும் விண்ணப்பப் படிவத்திலும், குறித்த பாடநெறியின் என்.வி.கியூ. மட்டத்தையும் அது இல்லையெனில் இல்லை என்பதையும், உண்மையான நோயாளர்களுடன் மேற்பார்வையில் செலவிடும் மணித்தியாலங்களையும், இச்சான்றிதழால் மருத்துவ சபையில் பதிய முடியாது என்ற வசனத்தையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அச்சிடுவதைப் பதிவின் நிபந்தனையாக்குங்கள் என வேண்டுகிறேன். ஏற்கெனவே ஏமாந்துபோன பிள்ளைகள் வேலை அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டின் மூலம் என்.வி.கியூ. பெறும் வழி உங்களிடம் இருக்கிறது. அதைத் தமிழில், தோட்டப்புறப் பாடசாலைகள் வரைக்கும் அறிவியுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வந்து, அக்காவை எப்படித் திருப்புவது என்று பழகுகிறாள். அடுத்த பெறுபேறுகள் வெளிவருமுன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13