பீ பஃபர் என்று சொல்லி வேறு இன மீன்களை அனுப்பியது தொடர்பான புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: தவறான இன மீன்களை அனுப்பியதும், அவற்றுடன் வந்த தவறான பராமரிப்பு அட்டையும் குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மிரண்டால் உடலை ஊதிப் பெருக்கிக்கொள்ளும் பஃபர் மீன்களில் சிறிய இனமான பீ பஃபரை உங்களிடம் வாங்க விரும்பினேன். ‘பீ பஃபர், முழுக்க நன்னீர் இனம், 3 செ.மீ. அளவே வளரும்’ என்று உங்கள் விற்பனைப் பக்கத்தில் இருந்ததை நம்பி, அதற்கேற்ற சிறிய தொட்டியில் செடிகள் நட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை என்று சோதித்து உறுதிசெய்த பிறகே ஒரு ஜோடி மீன்களுக்கு ஆர்டர் கொடுத்தேன். பெட்டியைத் திறந்தபோது பைக்குள் இருந்தவை கிரீன் ஸ்பாட்டட் பஃபர் என்ற வேறு இனத்தின் குஞ்சுகள்.

அளவில் இரு இனங்களும் இப்போது ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம். ஆனால் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு ஐயம் வர வழியில்லை. வந்த மீன்களின் முதுகு பளிச்சென்ற பச்சை. அதன்மேல் வட்டவட்டமான கரும்புள்ளிகள். வயிறு புள்ளியே இல்லாத வெள்ளை. பீ பஃபரோ மஞ்சள் கலந்த பச்சை உடலும், விலாப்பக்கம் ஒழுங்கற்ற பெரிய கருந்திட்டுகளும் கொண்டது. அது 1941-இல் ஹோரா, நாயர் ஆகிய இருவரும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய, கேரள ஆறுகளுக்கு உரிய மீன். உங்கள் பக்கத்திலும் ‘கேரளத்து மீன்’ என்றுதான் போட்டிருக்கிறீர்கள்; அனுப்பியதோ ஆறு கடலில் கலக்கும் கழிமுகங்களில் வாழும் இனத்தை.

இதை வெறும் பெயர்க் குழப்பம் என்று ஒதுக்க முடியாது. இந்த மீன் 15 செ.மீ. வரை வளரக்கூடியது, ஒரே ஒரு மீனுக்கே நூறு லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி வேண்டும். குஞ்சாக இருக்கும்போது நன்னீரில் தாக்குப்பிடித்தாலும், வளர வளர அதற்கு உவர்நீர், அதாவது நன்னீரைவிட உப்பு கூடுதலாகவும் கடல்நீரைவிடக் குறைவாகவும் உள்ள நீர், தேவை. கிடைக்காவிட்டால் நாளடைவில் நலிந்து, ஆயுள் குறையும். என்னிடம் உள்ளவற்றில் ஒன்றின் வெள்ளை வயிறு ஏற்கெனவே சாம்பல் நிறமாகக் கறுத்துவிட்டது. இந்த இனம் தன் உளைச்சலைக் காட்டும் விதம் அது.

இதைத் தெரிவித்தபோது உங்கள் உதவி மையத்தினர், தொட்டியில் சமையல் உப்பு ஒரு சிட்டிகை போடும்படி எழுத்திலேயே பதில் அனுப்பினார்கள். சமையல் உப்பில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. உவர்நீர்த் தொட்டிக்குத் தேவையான கால்சியம், மக்னீசியம், கார்பனேட் ஆகியவை கடல்நீர் மீன்களுக்கென்று விற்கப்படும் உப்புக் கலவையில்தான் கிடைக்கும். அதையும், நீரில் உப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்திமானியால் அளந்து, சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். சிட்டிகைக் கணக்கெல்லாம் ரசத்துக்குச் சரி.

உங்கள் பராமரிப்பு அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நீங்கள் சரியான மீனையே அனுப்பியிருந்தாலும் அந்த அட்டை அதைக் காப்பாற்றியிருக்காது. ‘ஃப்ளேக்ஸ் போதும், கப்பி மீன்களோடு சேர்த்து வளர்க்கலாம்’ என்கிறது அது. ஃப்ளேக்ஸ் என்ற அந்த உலர் செதில் உணவைப் போட்டுப் பார்த்தேன்: வாயில் வாங்கி, உடனே துப்பிவிட்டு, கண்களை மட்டும் உருட்டியபடி அடுத்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தன. அதே மீன்கள் ஒரு சிறு நத்தையை விட்டதும் அதன் முன்னே சாய்ந்து நின்று, ஓட்டிலிருந்து அது தலை நீட்டும்வரை காத்திருந்து கடித்து இழுத்தன. பஃபர்களின் பற்கள் அலகுபோல இணைந்து, வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நத்தை போன்ற கடின இரையைக் கடித்துத் தேயாவிட்டால் வாயே திறக்க முடியாமல் போகும் அளவுக்கு நீண்டுவிடும். பீ பஃபருக்கும் உறைந்த ரத்தப்புழுவும் சிறு நத்தைகளும்தான் உணவு. கப்பியின் விசிறி வாலை எந்தப் பஃபரும் விட்டுவைக்காது. வலையால் பிடிக்கச் சொல்லும் குறிப்பும் ஆபத்தானதே: நீருக்கு வெளியே மிரண்டு காற்றை விழுங்கி உப்பிய பஃபருக்கு அதை வெளியேற்றுவது கடினம் என்பதால், கிண்ணத்தில் நீரோடு முகந்துதான் மாற்ற வேண்டும்.

நீங்கள் முன்வைத்த ‘மீனைத் திருப்பி அனுப்பினால் பணம்’ என்ற ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. நலிந்திருக்கும் மீனை மறுபடி பையில் அடைத்துப் பயணம் அனுப்புவது அதைக் கொல்வதற்குச் சமம். எனவே மீன்களை நானே வைத்துக்கொள்கிறேன். மீனுக்கான முழுத் தொகையையும், உவர்நீர்த் தொட்டிக்கு மாற்ற வாங்கிய உப்புக் கலவை, அடர்த்திமானி ஆகியவற்றின் செலவையும் தாருங்கள். விற்பனைப் பக்கத்தின் படத்தையும் பராமரிப்பு அட்டையையும் திருத்துங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதே தொகுதியிலிருந்து மீன் வாங்கிய மற்றவர்களுக்கு உண்மையான இனம் எது என்று உடனே தெரிவியுங்கள்; அவர்களில் பலர் இன்னும் நன்னீரில்தான் வைத்திருப்பார்கள்.

மீன்களின் படங்கள், பராமரிப்பு அட்டையின் நகல், உதவி மையத்தின் பதில், ரசீதுகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்