நாசிக் போகுமுன் நாட்காட்டியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

நாசிக் ஒயின் சுற்றுலா பற்றிய கட்டுரையில் எந்த மாதம் போகலாம் என்பதே இல்லை. திராட்சை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. மழைக்காலத்தில் போனால் கொடியும் இலையும்தான், குலை இருக்காது. ஜனவரி 26, 30 இரண்டும் மகாராஷ்டிரத்தில் மது விற்பனை இல்லாத நாட்கள். அன்று அறை போட்டால் வீண். ஒயின் குடிக்க வயது 21 ஆகியிருக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு இரண்டு ஒயின் ஆலை போதும். மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும். கங்காப்பூர் அணைப் பக்கம் சுலா, யார்க் ஆலைகள் இரண்டும் அருகருகே இருக்கின்றன. ஒயின் ஆலைகள் உள்ள இன்னொரு பகுதியான திண்டோரிக்குத் தனி நாள் வையுங்கள். ஓட்டுநரோடு வண்டி அமர்த்துவது கட்டாயம்.

நாசிக் மிசலோடு (முளைகட்டிய பயறில் செய்யும் காரக் குழம்பு) ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் குடிக்காதீர்கள். காரத்தில் அதன் துவர்ப்பு கசப்பாக ஏறும், அதிலுள்ள ஆல்கஹால் தொண்டையை எரிக்கும். லேசாக இனிக்கும் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், நன்றாகக் குளிர்ந்தது, சரியாக இருக்கும்.

- வாசகர், மாதுங்கா, மும்பை