ஓடு கழுவுவதும் படிப்புதான்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் போனில் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "படிக்க அனுப்புனா, சனிக்கிழமையும் கூப்பிட்டு ஓடு கழுவ விடுறீங்களாமே டீச்சர்?" வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் அப்போது விரிவாகப் பேச முடியவில்லை. உங்கள் கேள்வி நியாயமானது. முகூர்த்த நாளில் பூக்கடையில் ஓர் ஆள் குறைந்தால் எவ்வளவு சிரமம் என்று எனக்கும் தெரியும். வேறு சில பெற்றோரும் இதையே கேட்கிறார்கள். அதனால் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன். உங்கள் பெயரும் பாப்பாவின் பெயரும் இதில் வராது.

எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் அருங்காட்சியக அறை என்று ஒன்று உண்டு. எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த ஆசிரியர்கள் சேர்த்து வைத்த பானையோடுகள், செப்புக்காசுகள், ஓலைச்சுவடிக் கட்டுகள் எல்லாம் டிரங்குப் பெட்டிகளில் கிடந்தன. யாராவது விருந்தினர் வந்தால் திறப்பார்கள், அப்புறம் பூட்டிவிடுவார்கள். இந்த ஆண்டு அதன் சாவியை மாணவர்கள் கையில் கொடுத்தோம். பதிவேடு எழுதுவது, எதைக் காட்சிக்கு வைப்பது, பக்கத்தில் என்ன எழுதி வைப்பது எல்லாமே அவர்கள் பொறுப்பு. தலைப்பையும் அவர்களே முடிவு செய்தார்கள்: 'மதுரையின் தண்ணீர்'. திறப்பு மார்ச் 22, உலக நீர் நாள்.

இப்போது அந்த ஓட்டுக்கு வருகிறேன். உங்கள் மகளுக்குக் கிடைத்தது ஒரு பானையின் விளிம்பு ஓடு. உள்ளங்கை அகலம் இருக்கும். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அதை எடுத்ததும் தண்ணீரில் போட விடமாட்டோம். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, சாய்வாக விழும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல் குறியோ எழுத்தோ இருந்தால் அழுத்தித் தேய்ப்பதில் அழிந்துவிடும். கீழடியில் 'ஆதன்' என்ற பெயர் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் கிடைத்ததும் இப்படிப்பட்ட பானையோட்டில்தான். ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஈரம் படலாம், அதன்பின் நிழலில் உலர்த்தல். ஒரு ஓட்டுக்கே அரை மணி நேரம் போகும்.

அப்புறம் அளவு. ஒரு தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக அரைவட்டங்கள் வரைந்திருக்கும். ஓட்டின் விளிம்பை அதன்மேல் நிறுத்தி, கண்ணைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்தி, அடியில் வெளிச்சக் கீற்று தெரியாதவரை சாய்வைச் சரிசெய்ய வேண்டும். பிறகு எந்த வளைவோடு பொருந்துகிறது என்று நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். பொருந்திவிட்டால், கையில் இருப்பது ஒரு துண்டுதான் என்றாலும் முழுப் பானையின் வாய் அகலம் தெரிந்துவிடும். பாப்பாவுக்குக் கிடைத்தது 22 செ.மீ. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "தண்ணிப் பானைக்கு இம்புட்டு வாய் எதுக்கு டீச்சர்?" மறுநாள் வீட்டுக் குடத்தையும் சோற்றுப் பானையையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடத்தின் வாய் குறுகல், தண்ணீர் தளும்பக்கூடாது என்பதற்காக. இந்த ஓடு அகலமான வாய் கொண்டது, சாப்பாட்டுக்கோ வேறு எதற்கோ புழங்கியதாக இருக்கலாம். "அப்ப இது நம்ம கண்காட்சிக்கு வேணாம்" என்று அவளே எடுத்து வைத்துவிட்டாள். இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த ஓட்டைத் தானே வேண்டாம் என்று சொன்னாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் அவள் வரலாறு படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கை மல்லியை அள்ளியதும் அது காலையில் பறித்ததா, முந்தின நாள் பூவா, தண்ணீர் தெளித்து எடை கூட்டியதா என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அதைப் புத்தகம் படித்துக் கற்கவில்லை. பழம்பொருள் படிப்புக்கும் அப்படி ஒரு கைப்பழக்கம் வேண்டும். கறுப்பு-சிவப்புப் பானையைக் கவிழ்த்துச் சுட்டிருப்பார்கள், உள்ளே காற்றுப் புகாததால் கறுத்தது, வெளியே காற்றுப் பட்டு மண்ணில் உள்ள இரும்பு சிவந்தது என்று வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டால் தேர்வுவரை நினைவிருக்கும். உடைந்த ஓரத்தில் கறுப்பு எங்கே முடிந்து சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று கையில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு மறக்காது.

அந்தப் பெட்டிகளில் பாதி ஓடுகளுக்கு எந்த ஊரில் கிடைத்தன என்ற குறிப்பே இல்லை. கீழடி நமக்கு 12 கிலோமீட்டர்தான். 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொடர்கிறது. 2023இல் அங்கே அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. உறைகிணறுகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குத் தங்கள் பெட்டியில் இருக்கும் எல்லா ஓட்டையும் கீழடிக் காலம் என்று எழுதிவிட ஆசை. முதலில் எழுதிய அட்டைகளில் 'ஈராயிரம் ஆண்டுப் பெருமை' என்றெல்லாம் இருந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: எதை வைத்துச் சொல்கிறாய்? இரண்டு வாரம் அடித்துத் திருத்தி எழுதினார்கள். இப்போது பல அட்டைகளில் 'கிடைத்த இடம் தெரியவில்லை' என்று தைரியமாக எழுதியிருக்கிறார்கள். மதுரையில் வாழும் நமக்கு இந்தத் தைரியம் ரொம்பத் தேவை. பெருமையை ஓட்டின்மேல் ஏற்றிவிட்டால், நாளைக்கு யாராவது ஆதாரம் கேட்கும்போது உண்மையான பெருமைக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வரும்.

ஊர்ப்பக்கம் கிணறு வெட்டும்போது தாழியோ காசோ கிடைத்தால் எடுத்து வந்து கொடுக்கலாமா என்று சில பையன்கள் கேட்டார்கள். கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தவிர, மண்ணில் இருந்த இடத்தை விட்டு எடுத்த பொருள் பாதி சேதியை அங்கேயே தொலைத்துவிடுகிறது. எங்கள் டிரங்குப் பெட்டியே அதற்குச் சாட்சி.

இந்தக் கண்காட்சியில் நான் எதிர்பார்க்காத பகுதி ஒன்று உண்டு. கிணறு, கண்மாய், மடை, 1895இல் பெரியாறு தண்ணீர் வைகைப் பக்கம் திரும்பியது என்று வரிசை போட்டுக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் கேட்டான்: "மீனாட்சி கோயிலுக்குள்ள எங்க ஆளுங்க போனது 1939 ஜூலை 8ன்னு பாடத்துல இருக்கு. எங்க ஊர்க் கிணத்துல எங்க அப்பத்தா எப்ப தண்ணி இறைச்சாங்கன்னு எங்க டீச்சர் இருக்கு?" அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இதை வைத்தால் பிரச்சினை வரும் என்று ஒருத்தர் சொன்னார். வைக்காவிட்டால் தலைப்பை மாற்றிவிடலாம் என்று சொன்னது உங்கள் மகள். அந்த மாணவன் அப்பத்தாவிடம் உட்கார்ந்து பேசி, கிணற்றடியில் குடத்தோடு காத்திருந்ததையும், வேறு யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால்தான் தண்ணீர் என்பதையும் அவர் சொன்னபடியே எழுதி வந்தான். அவர் வீட்டுக் குடமும் காட்சிப்பெட்டியில் வருகிறது. நடுப்பெட்டி அதற்குத்தான். அதில் நான் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

இது ஏதோ நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த முறை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இலேயே திறந்தது. நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1937இல் அசுதோஷ் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. பரோடா பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியலே தனித் துறை. பெரிய அருங்காட்சியகத்தில் பொருள் கண்ணாடிக்குள் இருந்துதான் ஆக வேண்டும். படிக்கும் இடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் முறையாகத் தொட்டுப் பழகலாம். நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணியிடங்கள் குறைவு, எப்போதாவதுதான் டி.என்.பி.எஸ்.சி. அழைப்பு வரும், மேற்படிப்பும் வேண்டும். அதனால் உறுதி சொல்ல மாட்டேன். ஒரு பொருளைப் பார்த்து, அளந்து, ஆதாரத்தோடு சுருக்கமாக எழுதத் தெரிந்த பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் தடுமாறாது என்பதை மட்டும் என் அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். உங்கள் தொழுவத்தில் பழைய கமலைச் சால் ஒன்று, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற வாளி, கிடப்பதாகப் பாப்பா சொன்னாள். தோல் காய்ந்து முறுக்கிக்கொண்டிருக்கிறதாம். அதில் எண்ணெய் எதுவும் தடவிவிடாதீர்கள், வெயிலிலும் போட வேண்டாம். கண்காட்சிக்கு அதை இரவலாகத் தர முடியுமா? பானையோட்டில் பதிவேட்டு எண் எழுதுவதற்கு முதலில் ஒரு பூச்சுப் பூசி, அதன்மேல் எழுதுவோம், வேண்டும்போது சேதமில்லாமல் எடுத்துவிடலாம். தோலில் அதுவும் கூடாது. நூலில் அட்டை கட்டித் தொங்கவிடுவோம், அவ்வளவுதான். எந்த இடத்தில் கிழிசல், எங்கே துரு என்று உங்கள் முன்னாலேயே எழுதி, போட்டோ எடுத்து, திருப்பித் தரும் தேதி போட்ட படிவம் தருவோம்.

அந்தப் பொருளைவிட எங்களுக்கு நீங்கள் முக்கியம். கமலை இறைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மாடு சரிவில் இறங்கி அப்படியே பின்னால் நடந்து ஏறியதா, கயிற்றின்மேல் யார் உட்கார்ந்தார்கள், கிணறு எவ்வளவு ஆழம், ஒரு நாளில் எவ்வளவு நிலம் பாய்ந்தது, எந்த வருடம் மோட்டார் வந்தது என்று கேட்க ஒரு தாள் நிறையக் கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். அப்பாவிடம் கேட்கக் கூச்சப்படுகிறாள். நீங்களே பேச்சை ஆரம்பித்துவிட்டால் நல்லது. அடுத்த சனிக்கிழமை மார்க்கெட் முடிந்ததும் கமலைச் சாலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவளோடு வாருங்கள். படிவத்தில் இரண்டு இடத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். மதியச் சாப்பாடு எங்களோடுதான்.

அன்புடன்,
உங்கள் மகளின் வரலாற்று டீச்சர்