காண்டே, உங்கள நல்லவர்னு சொல்லியே ஏமாத்திட்டாங்க

அன்புள்ள என்கோலோ காண்டே,

உங்கள விட எனக்கு வயசு கூட, தம்பின்னு கூப்பிட்டா தப்பில்ல. ஆனா ரியல் மாட்ரிட் கிளப்புக்கு மிட்ஃபீல்ட்ல, அதான் நடுக்களத்துல, ஆடுன மோட்ரிச், க்ரூஸ், கேசமீரோ மூணு பேரையும் ஒரே ராத்திரில சும்மா நிக்க வெச்ச ஃபிரான்ஸ் ஃபுட்பால் வீரர தம்பின்னு கூப்பிட நாக்கு வரல, அதனால நீங்கன்னே எழுதுறேன். ஒரு கேள்வி கேக்கணும், அதுக்குத்தான் இந்த கடிதம். ஆனா அத நேரா கேட்டா என்னடா இவன்னு நினைப்பீங்க, அதனால கொஞ்சம் சுத்தி வர்றேன்.

போன வாரம் எங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல மறுபடியும் உங்களப் பத்தி ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. அதேதான். மினி கூப்பர் கார், உலகக்கோப்பை ஜெயிச்சிட்டு கோப்பைய கேட்டு வாங்க கூச்சப்பட்டுக்கிட்டு ஓரமா நின்னது, யூரோஸ்டார் ரயில மிஸ் பண்ணிட்டு லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கத்துல மசூதிக்குப் போயி, அங்க பார்த்த ஒரு ரசிகர் வீட்டுக்கு கூப்பிட்டாருன்னு போயி சிக்கன் கறி சாப்பிட்டு ஃபிஃபா கேம் விளையாண்டது. கீழ எல்லாரும் கைகூப்புற எமோஜி. "மனுஷன்னா இவன்டா"ன்னு ஒருத்தன். எனக்கும் அந்த கறி கதை ரொம்ப பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த குரூப்ல இருக்குற முப்பது பேர்ல ஒருத்தன்கூட நீங்க பந்த எப்படி புடுங்குவீங்கன்னு ஒரு வரி எழுதல. அதப் பார்த்தப்பதான் கடுப்பாயிருச்சு.

நம்ம வீடுகள்ல ஒரு பழக்கம் உண்டு, ஒரு பையனோட திறமைய சொல்லத் தெரியலைன்னா "நல்ல பையன், இருக்குற இடம் தெரியாது"ம்பாங்க. உங்களுக்கும் அதேதான் நடந்திருக்கு, உலக லெவல்ல. 2018ல உங்க டீம் ஆளுங்களே கோப்பையோட உங்கள சுத்தி நின்னு பாடுனாங்களே, குட்டியா இருக்காரு, நல்லவரா இருக்காரு, மெஸ்ஸிய மடக்கிட்டாருன்னு. மூணுல ரெண்டு உயரமும் குணமும். வேலை மூணாவதாத்தான் வருது, அதுவும் கிண்டலா.

அந்த உயரத்தாலதான் எல்லாமே லேட் ஆச்சு. மாலில இருந்து வந்த அப்பா அம்மாவுக்கு 1991ல பாரிஸ்ல பொறந்து, பக்கத்து ஊர் சுரேன்ஸ் கிளப்ல பத்து வருஷத்துக்கு மேல விளையாடியும் ஒரு பெரிய அகாடமியும் கூப்பிடல. 19 வயசுல வடக்கு கடற்கரை ஊர் பூலோனுக்கு போறீங்க, அதுவும் ரிசர்வ் டீமுக்கு. அந்த வயசுல மத்தவங்க ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஆடிட்டு இருப்பாங்க, நீங்க இன்னொரு பக்கம் அக்கவுண்டிங் படிச்சிட்டு இருந்தீங்க. 2012 மே மாசம் மெயின் டீம்ல முதல் மேட்ச், அந்த சீசனோட பூலோன் மூணாவது டிவிஷனுக்கு இறங்கிருச்சு, அடுத்த வருஷம் முழுக்க அங்கயே. 2013ல கான் கிளப், இரண்டாவது டிவிஷன், 38 மேட்சும் ஆடி டீம் மேல ஏறுது. ஃபிரான்ஸோட முதல் டிவிஷன்ல நீங்க கால் வெச்சப்ப 23 வயசு. மூணு வருஷத்துல மூணு படி.

இந்த இடத்த யாரும் நின்னு பாக்குறதில்ல, ஏழ்மை கதையா சுருக்கிட்டு போயிர்றாங்க. எனக்கென்னமோ நீங்க கத்துக்கிட்டதே இங்கதான்னு தோணுது. உடம்பால ஒருத்தர தள்ள முடியாத பையன் மூணாவது டிவிஷன்ல, ஆறடி ஆளுங்க நடுவுல பொழைக்கணும்னா ஒரே வழிதான, அவங்களுக்கு முன்னாடி அந்த இடத்துக்கு போயிடணும், முன்னாடி போகணும்னா முன்னாடியே தெரியணும்.

அப்புறம் இங்கிலாந்து கிளப் லெஸ்டர். 2015 கோடைல, சுமார் 56 லட்சம் பவுண்டு. ஆளு தேர்ந்தெடுக்குற ஸ்டீவ் வால்ஷ் உங்க பேரையே திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு, மேனேஜர் ரனியேரிக்கு இவ்ளோ குட்டியா இருக்காரேன்னு யோசனை. முதல் மேட்ச்ல கடைசி பத்து நிமிஷம்கூட முழுசா கிடைக்கல உங்களுக்கு. அந்த சீசன் என்ன ஆச்சுன்னு உலகத்துக்கே தெரியும், 5000க்கு 1ன்னு பந்தயம் போட்ட டீம் லீக் ஜெயிச்சுது. வார்டியோட கோல், மாரெஸோட ட்ரிபிளிங் எல்லாம் ஹைலைட்ஸ்ல இருக்கு. நீங்க எதிராளி கால்ல இருந்து பந்த புடுங்குன 175 டாக்கிள் எந்த ஹைலைட்ஸ்ல இருக்கு? லீக்லயே அதிகம் அது, நடுவுல பாஸ வெட்டுனதுலயும் நீங்கதான் முதல். வால்ஷ் ஒரு ஜோக் சொல்வாரு, நாங்க மிட்ஃபீல்ட்ல மூணு பேர வெச்சு ஆடுறோம், நடுவுல டேனி டிரிங்க்வாட்டர், ரெண்டு பக்கமும் காண்டேன்னு. ரனியேரி சொன்னது இன்னும் ஃபேமஸ், இவன் டவுசருக்குள்ள பேட்டரி ஒளிச்சு வெச்சிருக்கான்னு நினைச்சேன்னாரு.

ரெண்டும் பாசமா சொன்னதுதான், சிரிச்சேன் நானும். ஆனா கவனிச்சீங்களா, ஒரு கருப்பு மிட்ஃபீல்டர் நல்லா ஆடுனா பேட்டரி, எஞ்சின், மூணு நுரையீரல். அதே வேலைய ஒரு ஸ்பெயின்காரர் செஞ்சா மூளை, செஸ், கண்டக்டர். கமெண்ட்ரில இத எத்தனை வருஷமா கேக்குறோம். நீங்க ஓடுனது உண்மை, யாரு இல்லைன்னா, ஆனா சும்மா ஓடுறவன் தப்பான இடத்துக்கும் ஓடுவான். நாங்க வாரக் கடைசில டர்ஃப்ல ஆடுறப்ப நான் ஓடாத ஓட்டமா, பந்து இருந்த இடத்துக்கு எப்பவும் கரெக்டா போய் சேருவேன், பந்து அப்பதான் கெளம்பிப் போயிருக்கும்.

அதனால நான் ஒரு வேலை செஞ்சேன். உங்க பழைய மேட்ச் நாலஞ்ச எடுத்து, பந்தப் பாக்காம உங்கள மட்டும் பார்த்தேன். முதல்ல செம போர், உண்மையா சொல்றேன், பாதி நேரம் நீங்க ஃபிரேம்லயே இல்ல. அப்புறம் மெதுவா ஒண்ணு பிடிபட்டுச்சு. நீங்க ஆளு மேல ஒட்டி நிக்குறதே இல்ல. நாலஞ்சு அடி தள்ளி, கொக்கு உறுமீனுக்கு நிக்குற மாதிரி, அந்த ஆளுக்கு பாஸ் போடலாம்னு எதிராளிக்கு தோணுற அளவுக்கு எடம் விட்டு நிக்குறீங்க. அவனும் நம்பி போடுறான். பந்து அவன் கால விட்டு கெளம்புறதுக்கு அரை நொடி முன்னாடியே உங்க கால் நகந்திருக்கு, நிறுத்தி நிறுத்தி பார்த்தேன். வாங்குறவன் முதுகு காட்டி வாங்குறானா, முதல் டச் கொஞ்சம் நீளமா போகுதா, தலை கீழ குனியுதா, அந்த நேரம்தான் நீங்க உள்ள வர்றீங்க. விழுந்து சறுக்குறது கம்மி. நின்னுக்கிட்டே ஒரு விரல் அளவு நுனிக்கால நீட்டி தட்டுறது, தட்டுன பந்து எங்கயோ தெறிக்காது, உங்க அடுத்த அடி விழுற இடத்துலதான் விழும். எடுக்குறதும் கெளம்புறதும் ஒரே அசைவு. சிறந்த திருடங்க பூட்ட உடைக்கிறதில்லைம்பாங்களே, அது மாதிரி.

அடுத்து செல்சி. சுமார் 3.2 கோடி பவுண்டு, 2016. நீங்க போனதும் சாம்பியன் லெஸ்டர் 12வது இடத்துக்கு போச்சு, ரனியேரி வேலையே போச்சு. நீங்க வந்ததும் பத்தாவது இடத்துல கெடந்த செல்சி 93 பாயிண்டோட லீக் ஜெயிச்சுது. மேனேஜர் அன்டோனியோ கோண்டேவோட மூணு டிஃபெண்டர் சிஸ்டம்தான் காரணம்னு எழுதுனாங்க, இருக்கட்டும், ஆனா வேற வேற கிளப்புல தொடர்ந்து ரெண்டு வருஷம் இங்கிலாந்து லீக் ஜெயிக்கிறது கான்டோனாவுக்கு அப்புறம் கோல்கீப்பர் இல்லாத ஆள்ல நீங்கதான். அந்த வருஷம் சக வீரர்கள் போட்ட ஓட்டுல சிறந்த வீரரும் நீங்க. கூட ஆடுறவங்களுக்கு தெரிஞ்சிருக்கு பாருங்க.

2018 உலகக்கோப்பை ஃபைனல் பத்தி நீங்க பேச விரும்ப மாட்டீங்கன்னு நினைக்கிறேன். ஏழு மேட்சும் ஆரம்பத்துலயே இறங்குனீங்க, கசான்ல அர்ஜெண்டினாவுக்கு எதிரா மெஸ்ஸிக்கு பந்து போற வழிய அடைச்சீங்க, ஆனா மாஸ்கோல வயிறு சரியில்லாம, மஞ்சள் கார்டும் வாங்கி, 55வது நிமிஷம் வெளிய வந்துட்டீங்க. அப்ப ஸ்கோர் 2-1தான். அடுத்த பத்து நிமிஷத்துல போக்பா ஒண்ணு, எம்பாப்பே ஒண்ணு. வாழ்நாள்ல ஒரு தடவ வர்ற மேட்ச்ல சுமாரா ஆடி, பெஞ்ச்ல உக்காந்து ஜெயிச்சத பாக்குறது எப்படி இருந்திருக்கும்னு நான் நிறைய யோசிச்சிருக்கேன். கோப்பைய கேட்டு வாங்காம நின்னதுக்கு கூச்சம் மட்டும்தான் காரணமா? சரி விடுங்க, இது நான் கேக்க வந்த கேள்வி இல்ல.

அதே வருஷம் செல்சிக்கு மேனேஜரா சாரி வந்தாரு. இன்னொரு மிட்ஃபீல்டர் ஜார்ஜின்யோவ நடுவுல நிறுத்திட்டு உங்கள வலது பக்கம் மேல தள்ளுனாரு. உலகத்தோட சிறந்த டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர வேற இடத்துல ஆட வைக்கிறான் பாருன்னு ஊரே திட்டுச்சு, நானும் திட்டுனேன், ராத்திரி ரெண்டு மணிக்கு டிவியப் பார்த்து கத்தி வீட்ல ஏச்சும் வாங்குனேன். இப்ப திரும்பிப் பார்த்தா நான் தப்புன்னு தோணுது. அந்த டிசம்பர்ல, லீக்ல அதுவரைக்கும் தோக்காத மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரா பெனால்டி பாக்ஸுக்குள்ள ஓடி வந்து கோல் போட்டீங்களே, அந்த ஓட்டம் அதுக்கு முன்னாடி உங்ககிட்ட அவ்ளோவா இல்ல. 30 வயசுல நீங்க காட்டுன ஆட்டத்துல பாதி அந்த வருஷம் கத்துக்கிட்டதுதான்னு இப்ப நம்புறேன். சாரி, சாரி சார்.

அந்த 30 வயசு ஆட்டம், 2021. சாம்பியன்ஸ் லீக்ல ரியல் மாட்ரிட்டோட செமிஃபைனல் ரெண்டு மேட்ச்லயும் ஆட்டநாயகன், அப்புறம் மே 29 போர்ட்டோல மான்செஸ்டர் சிட்டியோட ஃபைனல், அங்கயும் நீங்கதான். சிட்டி மேனேஜர் பெப் அன்னைக்கு நடுவுல காவல் காக்குற ரோட்ரி, ஃபெர்னாண்டின்யோ ரெண்டு பேரையும் பெஞ்ச்ல உக்கார வெச்சிட்டு எல்லாம் அட்டாக் ஆளுங்களா இறக்குனாரு, நடுவுல நீங்க தனியா கடைய மூடி சாவிய எடுத்துட்டுப் போயிட்டீங்க. ஹாவெர்ட்ஸ் கோல், 1-0. வருஷக் கடைசில உலகத்தோட சிறந்த வீரருக்கான விருது, பாலோன் டோர் வந்துச்சு, ஜார்ஜின்யோ மூணாவது, நீங்க அஞ்சாவது. ஜார்ஜின்யோ ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையும் ஜெயிச்சாரு, புரியுது, ஆனாலும் எனக்கு இன்னும் வயிறு எரியுது. நீங்க சிரிச்சிட்டு கை தட்டியிருப்பீங்க, அதுதான் பிரச்சனையே.

அதுக்கப்புறம் உடம்பு மக்கர் பண்ண ஆரம்பிச்சிருச்சு. 2022 ஆகஸ்ட்ல டோட்டன்ஹாம் மேட்ச்ல தொடை தசை போயி, ஆபரேஷன், கத்தார் உலகக்கோப்பை காலி. 269 மேட்சுக்கு அப்புறம் 2023ல செல்சிய விட்டு சவுதி, அல் இத்திஹாத். ரிட்டையர்மெண்ட்டுக்கு போறாருன்னு நானே சொன்னேன். 2024 யூரோவுக்கு ஃபிரான்ஸ் கோச் டெஷாம்ப் உங்கள கூப்பிட்டப்ப, ரெண்டு வருஷமா ஃபிரான்ஸ் சட்டையே போடாத ஆளு எதுக்குன்னு சிரிச்சாங்க. முதல் மேட்ச், ஆஸ்திரியா, ஆட்டநாயகன் காண்டே. 33 வயசு. முன்ன மாதிரி வேகமா இல்ல, ஆனா எல்லா இடத்துலயும் இருந்தீங்க. பேட்டரி தீந்தப்புறமும் வண்டி ஓடுதுன்னா அப்ப ஓட்டுனது பேட்டரி இல்லல்ல, அதத்தான நான் இவ்ளோ நேரமா கத்திட்டு இருக்கேன்.

சரி, கேள்வி. 2021 மே 5, ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ், ரியலோட ரெண்டாவது மேட்ச். 28வது நிமிஷம் நீங்க நடுவுல வெட்டி ஓடிப் போயி ஹாவெர்ட்ஸுக்கு குடுத்து, அவரு தூக்கிப் போட்டது பார்ல பட்டு, வெர்னர் தலையால முட்டுன கோல், அது இல்ல. 85வது நிமிஷம். 1-0, ரியல் ஒரு கோல் போட்டா எக்ஸ்ட்ரா டைம், எல்லாரும் களைச்சுப் போயி பின்னாடி வந்து நிக்கிறாங்க, நீங்க மட்டும் அவங்க பாதில. அவங்க பாஸ ஒண்ண வெட்டுறீங்க, புலிசிக்குக்கு தள்ளுறீங்க, அவரு கொஞ்சம் நிதானிச்சு உள்ள குடுக்குறாரு, மவுண்ட் அடிச்சிட்டாரு, முடிஞ்சுது.

அந்த பாஸ் போடுறதுக்கு முன்னாடியே நீங்க நகர ஆரம்பிச்சிட்டீங்க. ஒரு இருபது தடவ ரிவைண்ட் பண்ணிட்டேன். அப்ப நீங்க பந்தப் பாக்கல, பந்து வாங்கப் போறவனையும் பாக்கல, கேமரால அது நல்லா தெரியுது.

எதப் பார்த்தீங்க?

இப்படிக்கு,
டர்ஃப்ல எப்பவும் லேட்டா வந்து சேருற ஒருத்தன்