நடுவில் நுழைத்த ஒரு இன்ட்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஷட்டவுன் வேலையில் மாட்டிக்கொண்டதால்தான் பதில் தாமதம். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கண்ணாடி பவர் மறுபடியும் ஏறியிருக்கிறது. பேனலுக்குள் டெர்மினல் நம்பர் படிக்க டார்ச்சும் கண்ணாடியும் சேர்ந்து வேண்டியிருக்கிறது.

புது புராஜெக்டுக்கு யுடிடி (ஒரு சாதனத்தின் டேட்டாவையெல்லாம் வரிசையாக அடுக்கும் ஸ்ட்ரக்சர்) போடும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். “மோட்டாருக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று, அரை நாள் வேலை” என்றும். அரை நாள்தான், சரி. அந்த அரை நாளை நான் எப்படிக் கோட்டைவிட்டேன் என்று கேள், ஆனால் சிரிக்காதே.

பழைய எஸ்7-300 ஒன்று, சீமென்ஸ் பிஎல்சி, அதாவது இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோலர். பன்னிரண்டு பம்புகள். ஒவ்வொரு பம்புக்கும் நானே என்றோ போட்ட ஸ்ட்ரக்சர், பைட்டையும் பிட்டையும் 0-இலிருந்து எண்ணினால்: 0-ஆம் பைட்டில் ஐந்து பிட் (ரன் கட்டளை, ஆட்டோ, ஓடுகிறது, டிரிப், ரெடி), 2-ஆம் பைட்டில் ஃபால்ட் கோடு, 4-இல் கரன்ட், 8-இல் வேகம், 12-இல் ஓடிய மணிநேரம். மொத்தம் 16 பைட். அதையே பன்னிரண்டு முறை அரே போட்டு (ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி) ஒரே டிபியில், அதாவது டேட்டா பிளாக்கில், வைத்திருந்தேன். இதைப் படித்துத் திரையில் காட்டும் ஸ்காடாவில் பெயர் கிடையாது, வெறும் முகவரிதான்.

மெயின்டனன்ஸ் ஆட்கள், பம்ப் எத்தனை முறை ஸ்டார்ட் ஆகிறது என்று தெரிய வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கை. ஃபால்ட் கோடுக்குப் பக்கத்தில் இருந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று அதற்குக் கீழே ஒரு இன்ட் (2 பைட் முழு எண்) சேர்த்தேன். கம்பைல் ஆனது. டவுன்லோடும் ஆனது. ஒரு எரர்கூட இல்லை.

முதல் பம்பைச் சோதனைக்கு ஓட்டினோம். பேனல் அம்மீட்டர் 12.5 ஆம்பியர் காட்டுகிறது, திரையில் 0.0. வேகமும் சைபர், மணிநேரமும் சைபர். டிபியின் அமைப்பு மாறியதால் எல்லாம் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பிவிட்டது, அதுதான் காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மணிநேரம் அழிந்தது அதனால்தான், அது உண்மை. நல்லவேளையாக ஃபோர்மேன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து முதல் பம்புக்கு 6200 என்று கையால் போட்டேன்.

போட்ட அதே நொடி, நிறுத்தி வைத்திருந்த இரண்டாவது பம்ப் திரையில் சிவப்பாகி டிரிப் காட்டியது! பிஎல்சியில் பார்த்தால் டிரிப் இல்லை. அழித்துவிட்டு மறுபடி 6200 போட்டேன், மறுபடி சிவப்பு. அப்போதுதான் காகிதத்தை எடுத்தேன்.

நீயும் போட்டுப் பார். ஒரு இன்ட் நுழைந்ததும் கரன்ட் 6-க்கும் மணிநேரம் 14-க்கும் போய்விட்டன, ஒரு பம்புக்கு 18 பைட் ஆகிவிட்டது. ஸ்காடா இன்னும் 16-இல் இரண்டாவது பம்ப் தொடங்குவதாக நினைக்கிறது. ஆனால் 16-இல் இருப்பது முதல் பம்ப் மணிநேரத்தின் பின்பாதி. 6200 என்பது ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) 1838. 16-ஆம் பைட்டில் 18 உட்கார்ந்தால் மூன்றாவது பிட்டும் நான்காவது பிட்டும் எரியும்: டிரிப், ரெடி. டிரிப்பும் ரெடியும் ஒன்றாக எரிவதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கரன்ட் சைபர் ஆனதும் இதே கதைதான். 12.5 என்ற ரியல் (4 பைட் தசம எண்) ஹெக்ஸில் 41480000. ஸ்காடா படித்ததோ ஸ்டார்ட் எண்ணிக்கையின் 0001-ஐயும் அதன் வாலில் 4148-ஐயும். ரியலாகப் பார்த்தால் அது 0.0 என்றே தெரியும் அளவுக்குச் சின்ன எண்.

இதை விடிய விடிய சரிசெய்தேன். அதனால் உனக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன், கேட்டால் கேள்.

புது அயிட்டத்தைக் கடைசியில் சேர்த்தால் தப்பலாம் என்று தோன்றும். ஒரே ஒரு பம்ப் என்றால் தப்பலாம். அரே என்றால் அடுத்த பம்ப் எப்படியும் நகர்ந்துவிடும். ஸ்பேர் இடத்தை முதல் நாளே ஸ்ட்ரக்சருக்குள் வைத்துவிடு. அதே அளவுள்ள ஸ்பேருக்குப் பெயர் மாற்றினால் எதுவும் நகராது. எஸ்7-1500-இல் ஆப்டிமைஸ்டு பிளாக் போட்டால் ஆஃப்செட்டே (நிலையான பைட் முகவரியே) கிடையாது, பிளாக்குக்கு 100 பைட் ரிசர்வும் தானாக இருக்கிறது என்று நீ வாதாடுவாய். உண்மைதான். ஆனால் உன்னிடம் மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் டேட்டா கேட்கும் அடுத்த கம்பெனிக்காரனுக்கு ரெஜிஸ்டர் நம்பர்தானே கொடுக்க வேண்டும்? அந்தப் பட்டியலுக்குத் தனியாக ஒரு டிபி வைத்து அங்கே காப்பி செய். உள்ளே நீ என்ன மாற்றினாலும் வெளியே தெரியாது.

செட்பாயின்டையும் மணிநேரத்தையும் ஸ்டேட்டஸோடு ஒரே டிபியில் போடாதே. ஸ்டேட்டஸ் அழிந்தால் அடுத்த ஸ்கேனில் (பிஎல்சி புரோகிராமின் அடுத்த சுற்றில்) வந்துவிடும், மணிநேரம் வராது. எல்லா இடத்திலும் ஃபோர்மேன் நோட்டு இருக்காது.

அப்புறம், ஒரு அயிட்டத்தில் எழுதுவது ஒருத்தர்தான் என்று வைத்துக்கொள். ஸ்காடா கட்டளையை மட்டும் எழுதட்டும். மற்றதெல்லாம் பிஎல்சி எழுதட்டும். ஒரே பிட்டில் இரண்டு பேர் கைவைத்து நாம் பட்ட பாடு உனக்கும் மறந்திருக்காது.

ராக்வெல் கன்ட்ரோலராக இருந்தால் பிட்களை ஒன்றாகக் கோத்து வை. பூல் (ஒரு பிட்), டிஇன்ட் (4 பைட் முழு எண்), பூல், டிஇன்ட் என்று மாற்றி மாற்றிப் போட்டால் 16 பைட். பூல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் 12. ஆனால் நினைவகத்துக்காக நீ கஞ்சத்தனம் பார்க்க வேண்டியதில்லை, படிக்கிறவனுக்கும் அதுதான் வசதி என்பதால் சொல்கிறேன்.

உன் ஸ்ட்ரக்சர் பட்டியலை ஸ்காடா பக்கம் போவதற்கு முன் எனக்கு அனுப்பு. ஸ்பேர் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன்.

அன்புடன்,
உன் பழைய பேனல் கூட்டாளி